ஈ.டி. மட்டுமா அட்டாரியைக் கவிழ்த்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய டி.வி. கேம் கம்பெனிகளின் போட்டி பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் 1983-ல் அமெரிக்க டி.வி. கேம் சந்தை சரிந்த பழி முழுவதையும், அட்டாரி என்ற அமெரிக்க கேம் கம்பெனியின் ‘ஈ.டி.’ என்ற ஒரே கேமின் தலையில் கட்டியிருக்கிறார் கட்டுரையாளர். அது ஐந்தாறு வாரத்தில் அரக்கப்பரக்கச் செய்த கேம். நன்றாக இருந்தது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் 2014-ல் நியூ மெக்சிகோவில், அட்டாரி தன் சரக்கைப் புதைத்த அலமகோர்டோ குப்பைமேட்டைத் தோண்டியபோது, சக்கைப்போடு போட்ட ‘சென்டிபீட்’, ‘ஆஸ்டராய்ட்ஸ்’ கேசட்டுகளும் அதோடு சேர்ந்தே வந்தன. நல்ல சரக்கையும் ஏன் புதைத்தார்கள்?

அட்டாரிக்கு லாபம் டி.வி.யோடு இணைக்கும் பெட்டியில் இல்லை, அதில் செருகும் கேம் கேசட்டில். அந்த கேம்களை எழுதியவர்களில் நான்கு பேர், பெயரும் போடவில்லை, விற்பனையில் பங்கும் இல்லை என்று கோபித்துக்கொண்டு வெளியேறி 1979-ல் ‘ஆக்டிவிஷன்’ தொடங்கினார்கள். அட்டாரி வழக்குப் போட்டது. கடைசியில் சமரசத்தில் முடிந்தது. பிறகு கேட்பானேன், ஆளாளுக்கு கேசட் அடிக்க இறங்கினார்கள். குவேக்கர் ஓட்ஸ் கம்பெனிகூட ஒரு கேம் பிரிவு வைத்திருந்தது. கஞ்சி விற்கிறவருக்கு இதில் என்ன வேலை? சின்னக் கம்பெனிகள் நொடித்துப்போனபோது, விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பக் கடைக்காரர்களுக்கு முகவரியே இல்லை. 35 டாலர் கேசட்டை 5 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். கூடையில் 5 டாலருக்குக் கிடக்கும்போது புது கேமுக்கு முழு விலை யார் கொடுப்பார்?

அட்டாரிக்குப் போட்டியான மேட்டல் கம்பெனியின் இன்டெலிவிஷன் பெட்டியில் படம் தெளிவு என்கிறது கட்டுரை. உண்மைதான். கெட்டிக்காரத்தனம் என்றால் இன்னொரு போட்டிக் கம்பெனியான கொலிகோதான். 1982-ல் ‘டாங்கி காங்’ கேமைப் பெட்டியோடு கொடுத்ததோடு, அட்டாரி கேசட்டுகளைத் தன் பெட்டியில் ஓட்ட ஓர் இணைப்பையும் விற்றது!

1985-ல் அமெரிக்காவில் இறங்கிய ஜப்பான் கம்பெனி நின்டெண்டோ, பெட்டிக்குள் பூட்டுச் சிப் வைத்தது. கேசட்டில் ஜோடிச் சிப் இல்லையென்றால் ஓடாது. வெளிக் கம்பெனிக்கு ஆண்டுக்கு ஐந்து கேம்தான் அனுமதி. அடாவடிதான், ஆனாலும் பலித்தது.

1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியில் அந்தப் பூட்டு கிடையாது. தொண்ணூறுகளில் நம்மூரில் குவிந்த டி.வி. கேம்கள் பெரும்பாலும் அதன் நகல்கள். மதுரையில் டி.வி. மெக்கானிக்காக இருந்த நான் எத்தனையோ பிரித்திருக்கிறேன். கேசட்டைத் திறந்தால் கால் முளைத்த ஐ.சி. சிப் இருக்காது, தார்ச் சொட்டுபோல ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். “ஓடலண்ணே” என்று வரும் பையன்களுக்கு, முனைகளை அழிரப்பரால் தேய்த்துக் கொடுப்பேன். காசு வாங்கியதில்லை. மேலே ‘9999 இன் 1’ என்று இருக்கும். உள்ளே ஒரே கேம் வேறு வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வரும்.

கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது ஜெர்ரி லாசனைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். கேசட் மாற்றி விளையாடும் ‘சேனல் எஃப்’ பெட்டி 1976-ல் ஃபேர்சைல்டு கம்பெனியில் உருவானபோது, அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டி.வி. மெக்கானிக்,
மதுரை.