எழுத்தில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘கருத்துச் சுதந்திரம் என்றால் எதை வேண்டுமானாலும் பேசுவதா?’ என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். எதை வேண்டுமானாலும் பேச முடியாதுதான். 19(1)(அ) பிரிவில் பேச்சுரிமையைக் கொடுத்த அரசமைப்புச் சட்டமே, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றம் செய்யத் தூண்டுதல், பொது ஒழுங்கு என்று அதற்கான வரம்புகளை 19(2)-இல் எண்ணி வைத்திருக்கிறது. ‘நாலு பேர் கோபித்துக்கொள்வார்கள்’ என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. நடைமுறையில் வாயை அடைப்பது பெரும்பாலும் அந்த நாலு பேரின் கோபம்தான்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் வாசகர் வட்டம் ஒரு கவிதைக் கூட்டம் வைத்திருந்தது. முப்பது நாற்காலி, ஒரு மைக், அவ்வளவுதான். முதல் நாள் மாலை மண்டப மேலாளர் வந்து, “தப்பா நினைச்சுக்காதீங்க சார், ஸ்டேஷன்லேர்ந்து பேசினாங்க” என்று முன்பணத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார். காவல் நிலையத்துக்குப் போய், தடை உத்தரவு இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்றோம். “தடையெல்லாம் ஒண்ணும் இல்லை. சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும், நீங்களே பார்த்து நிறுத்திக்குங்க” என்றார்கள். காகிதம் இருந்தால் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம். வாய்வார்த்தையை எப்படி எடுத்துப் போவது?

யாரோ சிலர் ஒரு கவிதைக்கு ஆட்சேபம் சொன்னார்களாம். அந்தக் கவிதை எனக்கே பிடிக்காது. வசை அதிகம், கவிதை கம்மி. அதை மேடையிலேயே சொல்ல இரண்டு பக்கம் குறித்தும் வைத்திருந்தேன். கவிஞர் வாசிப்பதும் நின்றது, நான் திட்டுவதும் நின்றது.

இந்த ‘சட்டம் ஒழுங்கு’ சாக்குக்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே பதில் சொல்லிவிட்டது. இடஒதுக்கீடு பற்றிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. படம் ஓடினால் கலவரம் வரும் என்பது அரசின் வாதம். ஆர்ப்பாட்டமும் வன்முறையும் நடக்கும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை நசுக்க முடியாது, எதிர்ப்பவர்களைச் சமாளிக்க இயலவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. மிரட்டுபவரை விட்டுவிட்டுப் பேசுபவரைப் பிடிக்காதே என்பதுதான் அதன் சாரம்.

இன்னும் பின்னே போனால், இதன் முதல் அத்தியாயமே நம் மாநிலத்தில்தான். பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இதழ் உள்ளே நுழையக் கூடாது என்று சென்னை மாநில அரசு 1950 மார்ச்சில் தடை போட்டது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை! ஆசிரியர் ரமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார், மே மாதமே தடை உடைந்தது. இத்தனை வேகம் இன்று கனவிலும் வராது. அப்புறம் என்ன நடந்தது? 1951-இல் முதல் திருத்தம் வந்து, 19(2)-இல் ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லைச் சேர்த்தது. எங்களிடம் நீட்டப்பட்ட சொல்லின் பூர்வீகம் இதுதான். ஆனால் கட்டுப்பாடுகள் ‘நியாயமானவையாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் அந்த உட்பிரிவுக்குள் வந்தது. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அந்த வாசகரிடம் நான் கேட்பது ஒன்றுதான். எல்லை இருக்கட்டும், மறுக்கவில்லை. அதை மீறினோம் என்றால் எந்த உட்பிரிவை, எந்தச் சொல்லால் மீறினோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், நீதிபதி பார்த்துக்கொள்வார். தொலைபேசியில் வரும் எல்லைக்கு மேல்முறையீடே கிடையாதே.

அடுத்த கூட்டத்துக்கு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறோம். முதலில் அதே கவிதை. அடுத்தது என் இரண்டு பக்கம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்