பாப்பாவுக்கு எந்தக் கர்ணன்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, நீயும் காரை எடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், சாவகாசமாகப் படி.

பாப்பா 'கல்கி 2898 ஏடி' பார்த்துவிட்டு, கடைசியில் பிரபாஸ் கையில் வில் வந்ததும் "அப்போ கர்ணன்தான் ஹீரோவா?" என்று கேட்டாளாம். உனக்குக் கோபம். கதையையே கெடுத்து வைத்திருக்கிறார்கள், அவளுக்கு ஒரிஜினலைக் காட்டணும், எது ஒரிஜினல்னு சொல்லும்மா என்றாய். முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் நடத்தினவள் என்பதால் என்னிடம் ஒரிஜினல் ஒரு டப்பாவில் பூட்டி இருக்கும் என்று நினைத்துவிட்டாய் போல.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி. நடுவில் வருகிற துரத்தலும் இரைச்சலும் எனக்குத் தலைவலிதான், மறைக்கவில்லை. ஆனால் ஆரம்பத்தில் குருட்சேத்திரத்தில் அசுவத்தாமனைக் கிருஷ்ணன் சபிக்கிறானே, அந்தச் சாபத்தை நாக் அஸ்வின் சும்மா கற்பனை செய்யவில்லை. மூவாயிரம் வருஷம் துணையில்லாமல் அலைந்து திரி என்று வியாசரிலேயே இருக்கிறது. அந்த ஒரு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு இன்னொரு யுகம் வரைக்கும் போயிருக்கிறார். இதைக் கெடுப்பது என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு முதல் கர்ணன் சினிமாவில் வந்தவன் இல்லை. நம் செய்யாறு பக்கம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கருமாதி இரவில் 'கர்ண மோட்சம்' கூத்து வைப்பார்கள், உனக்கே தெரியும். எங்கள் தாத்தாவுக்கு வைத்தபோது எனக்கு ஏழு வயசு. கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும் முதலில் கேட்க வந்த கர்ணனைப் பார்த்துப் பயந்து அம்மா மடியில் புதைந்துகொண்டேன். அந்தக் கர்ணனுக்குப் பொன்னுருவி என்று ஒரு பெண்டாட்டி. தேரோட்டி வளர்த்தவன், பிறப்பு தெரியாதவன் என்று அவனை வாய்க்கு வந்தபடி ஏசுவாள். அவன் போருக்குப் புறப்படும்போது இரண்டு பேருக்கும் நடக்கிற தர்க்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். எங்கள் ஊர் ஜனங்களுக்கு அதுதான் பாரதம். பொன்னுருவி இல்லாத கர்ணன் அவர்களுக்குக் கர்ணனே இல்லை.

அப்புறம் நாலாம் வகுப்போ அஞ்சாம் வகுப்போ படிக்கும்போது டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து உட்கார்ந்து, 1964-ல் பந்துலு எடுத்த 'கர்ணன்' பார்த்தேன். சிவாஜி. அதில் பொன்னுருவியைக் காணோம், தேவிகா சுபாங்கி என்ற பெயரில் அன்பான மனைவியாக வருகிறார். வீட்டுக்கு வந்து எங்கள் பாட்டியிடம் சொன்னேன், "கதையைக் கெடுத்துட்டானுங்க" என்றாள். உன் பாட்டனார் வீட்டு ரத்தம் உனக்கும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்.

அந்தப் படத்தில் சாவித்திரி பானுமதியாக வந்து தாயம் ஆடுகிற காட்சி ஞாபகம் இருக்கா? எழுந்து போகப் பார்த்தவளைக் கர்ணன் பிடித்து இழுக்க, முத்துகள் சிதற, துரியோதனன் வந்து "எடுக்கவோ, கோக்கவோ" என்று கேட்கிற இடம். கல்லூரியில் வில்லிபாரதம் பாடம் வந்தபோதுதான் தெரிந்தது, அந்த வார்த்தை சினிமா வசனகர்த்தா எழுதியது இல்லை, வில்லிபுத்தூராரின் பாட்டிலேயே இருக்கிறது. என்னவோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி விடுதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்குப் பிறகு வியாசரைத் தேடிப் படித்தால், அங்கே அந்தக் காட்சி கிடையாது! நம் ஆட்கள் கர்ணனுக்காக உருகுகிற அந்த இடமே பல நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தது. இப்போது சொல், பாப்பாவுக்கு எந்த ஒரிஜினலைக் காட்டப் போகிறாய்?

வியாசரின் கர்ணன் நமக்குப் பிடித்த கர்ணன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சூதாட்டச் சபையில் திரௌபதியின் சேலையை உருவச் சொன்னவன் அவன், அவளை வேசி என்று சொன்னவனும் அவன். கந்தர்வர்கள் துரியோதனனைக் கட்டி இழுத்துப் போனபோது களத்தைவிட்டு ஓடினவன். செஞ்சோற்றுக் கடன் பாடுகிறவர்கள் இந்த இடங்களை மெல்லத் தாண்டிப் போய்விடுவார்கள். 1988-லிருந்து தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் வந்ததே, 94 வாரம், அதில் சபைக் காட்சியில் கர்ணன் பேசியதைப் பூசி மெழுகவில்லை. எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் பங்கஜ் தீர் முகத்தைப் பார்த்தே என்ன சொல்கிறான் என்று புரிந்தது. எதிர்வீட்டில் பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். நீ என் மடியில் பால் பாட்டிலோடு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. யார் பாரதத்தை எடுத்தாலும் நான் கர்ணனைப் பார்க்க மாட்டேன், குந்தியை என்ன செய்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். வியாசரில் அவள் கங்கைக்கரைக்குப் போகிறாள். கர்ணன் சூரியனைப் பார்த்து ஜபம் செய்துகொண்டிருக்கிறான். வெயில் தாங்காமல் அவனுடைய மேலாடையின் நிழலிலேயே, வாடிப்போன தாமரை மாலை மாதிரி காத்து நிற்கிறாள். அவன் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுச் சொல்கிற முதல் வார்த்தை, நான் ராதையின் மகன் கர்ணன் என்பது. அதற்குப் பிறகு அவன் கேட்கிற கேள்விகளை விடு, அந்த அறிமுகத்துக்கே அவள் செத்திருப்பாள். போர் முடிந்து தண்ணீர் விடும்போதுதான் அவன் என் மூத்த பிள்ளை என்று வாயைத் திறக்கிறாள், அதற்குத் தர்மர் பெண்கள் யாருக்குமே இனி ரகசியம் தங்காமல் போகட்டும் என்று சாபம் கொடுக்கிறார். எனக்கு இன்றைக்கும் அவர் மேல் கோபம்தான்.

நம் வில்லிபுத்தூரார் அதைத் தாங்கவில்லை. செத்து விழும்போது என்னை மடியில் போட்டு ஊரறிய மகன் என்று சொல் என்று கர்ணனைக் கேட்க வைத்துவிட்டார். கூத்தும் சினிமாவும் அந்த மடியைத்தான் பிடித்துக்கொண்டன. ஆனால் பிள்ளை செத்தால்தானே அந்த மடி கிடைக்கிறது.

1991 தீபாவளிக்கு 'தளபதி' வந்தது. அப்போது எனக்குத் தருமபுரிப் பக்கம் ஒரு மலையடிவாரப் பள்ளியில் போஸ்டிங், உன்னை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன், உனக்கு நாலு வயசு. தீபாவளிக்கு வந்தபோது நீ ஆயாவை அம்மா என்றாய், என்னை டீச்சர் என்றாய். தெருப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அப்படியே வந்துவிட்டது, நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அடுத்த வாரம் கூட வேலை பார்த்தவர்களோடு தருமபுரியில் அந்தப் படத்துக்குப் போனேன். ஆற்றுக்குப் பதிலாகக் கூட்ஸ் ரயிலில் குழந்தையை விடுகிறார்கள், தேர் இல்லை, கிருஷ்ணன் இல்லை, அர்ஜுனன் கலெக்டர். ரயில் கூவும்போதெல்லாம் ஸ்ரீவித்யா முகம் மாறும் பார், அங்கேயே எனக்கு முடிந்தது. (ஸ்ரீவித்யா ரஜினியைவிட வயதில் சின்னவர் தெரியுமா? 'அபூர்வ ராகங்கள்' படத்தில் அவருக்கு மனைவியாக நடித்தவர். இங்கே அம்மா. நம்ப வைத்துவிட்டாரே.) கடைசியில் துரியோதனன் இடத்தில் வருகிற தேவா செத்துப் போகிறான், கர்ணன் இடத்தில் வருகிற சூர்யா, அதாவது ரஜினி, சாகவில்லை. கலெக்டர் மகன் மாற்றலாகிப் போகும்போது அம்மா அவனோடு போகாமல் சூர்யாவோடு தங்கிவிடுகிறாள். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர், "கர்ணன் சாகாம எப்படி, இது பாரதமே இல்லை" என்று வழி நெடுக முணுமுணுத்தார். நான் வாயே திறக்கவில்லை. குந்தி ஒரு கதையிலாவது அவனோடு சேர்ந்து சோறு சாப்பிடட்டும் என்று மணிரத்னம் விட்டுவிட்டாரே என்றுதான் இருந்தது. அடுத்த மாதமே மாற்றல் கேட்டு மனு போட்டேன். கிடைக்க இரண்டு வருஷம் ஆனது, அது வேறு கதை.

சரி, பாப்பாவுக்கு என்ன காட்டுவது? சிவாஜி படத்தையே முதலில் காட்டு, இரண்டு நாளாகப் பிரித்து, இல்லையென்றால் தூங்கிவிடுவாள். 'தளபதி'யில் வெட்டுக்குத்து அதிகம், பத்துப் பன்னிரண்டு வயசு ஆகட்டும். 2013-ல் இந்தியில் வந்து விஜய் டிவியில் தமிழில் ஓடிய மகாபாரதம் அவளுக்குப் பிடிக்கும், நகையும் உடம்புமாகப் பளபளவென்று இருப்பார்கள், எனக்கு அது அலுத்துவிட்டது. 'கல்கி'யையும் தடுக்காதே. அவள் கேட்ட கேள்விக்கு மட்டும், கர்ணன் சபையில் சொன்னது என்ன என்று நீயே கதையாகச் சொல், ஹீரோவா இல்லையா என்று அவளே யோசிக்கட்டும்.

லீவு கிடைத்தால் வைகாசியில் வாங்க. திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதம் வாசிப்பு, இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் எவ்வளவு பெரிய துரியோதனனைப் பிடித்து வைத்திருப்பார்கள் என்று பாப்பா பார்க்கட்டும். கர்ண மோட்சத்தன்று நான் பாயோடு முன்னாடியே போய் இடம் போட்டுவிடுகிறேன். விடியற்காலையில் வயல்காற்று அடிக்கும், அவளுக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள். நீ எப்படியும் பொன்னுருவி வருவதற்குள் தூங்கிவிடுவாய். சின்ன வயசிலேயே அப்படித்தானாம், ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அம்மா