கடலூர் மாவட்டப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

விருத்தாசலம் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஊரில் உள்ள செடி, கொடி, உயிரினங்களையும் அவற்றைப் பற்றிய ஊர் அறிவையும் எழுதிவைக்கும் 'மக்கள் பல்லுயிர் பதிவேடு' என்று ஒன்று உங்கள் ஊராட்சி அலுவலக பீரோவில் இருக்கும். அதை மறுபடி வெளியே எடுத்து, ஊர் வைத்தியர்களைக் கூட வைத்துக்கொண்டு திருத்தி எழுதுங்கள். அது முடியும்வரை ஏரிக்கரையிலும் கோயில் தோப்பிலும் ஜேசிபியை இறக்காதீர்கள். இந்த இரண்டைத்தான் கேட்கிறேன்.

2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம்தான் உங்கள் குழுவை உருவாக்கியது. அந்தப் பதிவேட்டை ஊர் மக்களைக் கலந்து தயாரிப்பதே குழுவின் முதல் வேலை என்று 2004ஆம் ஆண்டு விதிகள் சொல்லியிருந்தன. செடி, கொடி, மரங்களைப் பயன்படுத்தும் உள்ளூர் வைத்தியர்களின் விவரத்தையும் குழு வைத்திருக்க வேண்டும் என்று அதே விதிகளில் இருந்தது. பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்தது. முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. உடனே எல்லாம் ஓட்டமாய் ஓடி முடிந்தது. நான் பார்த்த சில பதிவேடுகளில் வேம்பு, துளசி, சோற்றுக்கற்றாழை, முருங்கை என்று எந்த ஊருக்கும் பொருந்தும் பட்டியல்தான் இருக்கிறது. வைத்தியர் பெயர் எழுத வேண்டிய பக்கத்தில் 'இல்லை' என்று ஒரே சொல். அந்த ஊர்களில் ஒன்றில், அலுவலகத்துக்கு எதிர்த்தெருவிலேயே மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுக்கும் பெரியவர் இருக்கிறார். வாரக் கடைசியில் அவர் திண்ணையில் உட்கார இடம் கிடைக்காது.

அவரோடு ஏரிக்கரையில் நடந்திருக்கிறேன். கார்த்திகை மாதம், மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்கு ஒரே பச்சையாகத் தெரிந்த இடத்தில் அவர் குனிந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி, இலைக்கொத்தைத் திருப்பிக் காட்டினார். அடியில் கடுகு கடுகாய்க் காய், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய காம்பு. "இதுதான் கீழாநெல்லி, டீச்சர். தண்டு பச்சையா இருக்கணும், காய் வழவழன்னு இருக்கணும். அதோ, தண்டு செவந்திருக்கு பாருங்க, காய் தண்டோட ஒட்டிச் சொரசொரன்னு இருக்கும். அது செவப்பு. நான் எடுக்கறதில்ல." அந்தச் சிவப்புச் செடியை நாங்கள் வகுப்பில் வேறு இனம் என்று படிக்கிறோம். கல்லூரிக்குப் போகாத அவர் விரல் நுனியால் தடவிப் பார்த்தே பிரித்துவிடுகிறார். சந்தையில் காய்ந்த சரக்காகக் கட்டி விற்கும்போது இவையெல்லாம் ஒன்றாகக் கலந்து வருவதுண்டு.

பிடுங்கிய செடியை வேர் மண் போக அலசி, அப்படியே மைய அரைத்து மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார். உப்பில்லாப் பத்தியம். வருகிறவரிடம் முதலில் கேட்பது, "ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சா?" காகிதம் இல்லாமல் வந்தால் எழுப்பி அனுப்பிவிடுவார். அவர் செடி எடுக்கும் முறையையும் பாருங்கள். ஒரு இடத்தில் இருப்பதை மொத்தமாக வழித்தெடுக்க மாட்டார். காய் முற்றிய செடிகளை அப்படியே விட்டுவிடுவார். மரத்தின் வேர் தேவைப்பட்டால் வடக்கே ஓடும் வேரை மட்டும் வெட்டுவார். வடக்குக்கு அவர் சொல்லும் காரணம் சாபநிவர்த்தி, காப்புக் கட்டு என்று சடங்கு வழியில் போகும். நான் கவனித்தது ஒன்றுதான்: ஒரு பக்க வேரோடு நிறுத்திக்கொள்வதால் மரம் பிழைத்துக்கொள்கிறது.

இந்தக் கீழாநெல்லியைச் சித்திரையில் போய்த் தேடினால் கிடைக்காது. அது மழையோடு வந்து மழையோடு போகிற செடி. நிலப்பனையும் தண்ணீர்விட்டானும் கோடையில் மேலே காய்ந்து, மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும். கோடையில் ஒருநாள் வந்து கணக்கெடுத்துப் போனவர் பதிவேட்டில் இவை எப்படி ஏறும்?

ஏறாததன் விளைவு ஏரிக்கரையில் தெரிகிறது. சீமைக்கருவேலத்தை அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நல்ல உத்தரவு, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் ஜேசிபிக்குச் சீமைக்கருவேலமும் இசங்கு போன்ற மருந்துச் செடியும் ஒன்றுதான். காரை, ஆடாதொடை, தழுதாழை, நொச்சி எல்லாம் ஒரே வாரலில் போய்விடுகின்றன. விருத்தகிரீசுவரர் கோயிலின் தலமரம் வன்னி. அதை எல்லோரும் கும்பிடுகிறோம். அதே வன்னி வயல்வரப்பில் நின்றால், கண் பழகாதவர் முள்மரம்தானே என்று சீமைக்கருவேலக் கணக்கில் சேர்த்து வெட்டிவிடுகிறார். நூறு நாள் வேலையிலும் கரையைச் சுரண்டிச் சுத்தமாகக் காட்டினால்தான் வேலை நடந்ததாகப் போட்டோவில் தெரிகிறது. அந்தப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், எதை விட்டுவைக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். யாரும் கேட்பதில்லை.

கோயில் தோப்புகள் இன்னும் பெரிய இழப்பு. புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை கரையோரத்தில் ஐயனார், பிடாரி, வீரன் கோயில்களைச் சுற்றி மிஞ்சியிருக்கும் தோப்புகள், சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டின் கடைசித் துண்டுகள். பாலை, காசான், வீரை, வெப்பாலை என்று வேறெங்கும் எளிதில் சேர்ந்து காணக் கிடைக்காத மரங்கள் அங்கே நிற்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்ததை நாம் மறக்க மாட்டோம். புயலில் சாய்ந்தாலும் காடு தன்னால் திரும்பி வரும், இடம் மட்டும் விட்டால். நாம் கும்பாபிஷேகத்துக்கு டைல்ஸ் போடவும் அன்னதானக் கூடம் கட்டவும் அந்த இடத்தைத்தான் எடுக்கிறோம். சாமிக்குச் செய்வதாக நினைத்துச் செய்கிறார்கள் என்பதால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை. நீங்கள் பேச வேண்டும், உங்களுக்குச் சட்டம் அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது.

இனி, யாரை வைத்தியர் என்று எழுதுவது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் காயத்துக்குக் கட்டு போட்டதும் பிரசவம் பார்த்ததும் பெரும்பாலும் முடிதிருத்தும் குடும்பங்கள். பண்டிதர் என்றும் மருத்துவச்சி என்றும் கூப்பிட்டோம், வீட்டுக்குள் விடாமல் வாசலில் நிறுத்தினோம். அவர்களிடம் போய் மரியாதையாக உட்கார்ந்து கேட்ட கணக்கெடுப்பை நான் பார்க்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்திய மருந்து அரைத்துக் கொடுக்கும் ஆயாக்களும் தங்களை வைத்தியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. "எனக்கு என்னாம்மா தெரியும், எங்க அம்மா செஞ்சதைச் செய்யறேன்" என்பார்கள். கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இருளர்கள் இருக்கிறார்கள். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சதுப்பில் இறங்கி வேலை செய்யும் அவர்களுக்குத்தான் தெரியும். சிதம்பரத்தின் தலமரமான அந்தத் தில்லையைப் பார்க்க இன்று பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். நொச்சிக்காடு, தியாகவல்லி மணலில் வெட்டிவேர் தோண்டும் குடும்பங்களிடமும் கேளுங்கள். டெங்குக் காலத்தில் அரசு கொடுத்த நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்கில் வெட்டிவேரும் ஒன்று. எந்த மாதத்து வேரில் மணம் நிற்கும் என்பது அவர்கள் கையறிவு.

எழுதி வைத்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு குழு உறுப்பினர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைக் காட்டி வாதாடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. எழுத்தில் இருந்ததால் காட்ட முடிந்தது. நம் வைத்தியர்கள் வாயோடு வைத்திருப்பதற்கு எந்த நூலைக் காட்டுவது? 2023இல் சட்டம் திருத்தப்பட்டபோது, அங்கீகரித்த மருத்துவ நூல்களில் இருக்கும் மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்வு விதியிலிருந்து, அதாவது கிடைக்கும் பலனில் ஒரு பங்கை அறிவுக்கு உரியவர்களுக்குத் தர வேண்டும் என்ற விதியிலிருந்து, விலக்குக் கொடுத்தார்கள். அப்படியானால் நூலில் ஏறாத ஊர் வைத்தியத்துக்கு மட்டும்தான் அந்த உரிமை மிச்சம். அது யாருடையது, எந்த ஊருடையது என்று சொல்ல உங்கள் பதிவேட்டைத் தவிர வேறு காகிதம் கிடையாது.

எல்லாவற்றையும் புகழ்ந்து எழுதச் சொல்லவில்லை. ஆடுதின்னாப்பாளையைப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் உள்ளுக்குக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தச் செடிக் குடும்பத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. பாம்பு கடித்தவரை நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. இதையும் பதிவேட்டில் அந்தச் செடிக்கு நேரே எழுதுங்கள். நான் மதிக்கும் வைத்தியர்கள் இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. ஒருவர் அன்றோடு அந்தச் செடியை உள்ளுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்.

சரி, எப்படிச் செய்வது? ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு முறை, மாசி, பங்குனியில் ஒரு முறை, வைத்தியரோடும் ஆயாக்களோடும் கரை, தோப்பு, புறம்போக்கு எல்லாம் நடந்து எழுதுங்கள். அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள், வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். செடியின் பெயர் உங்கள் ஊரில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே இருக்கட்டும். பூவும் காயுமாக ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையையோ, தாவரத் தொகுப்பு வைத்திருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தையோ அணுகி இனத்தைச் சரிபார்க்கலாம். மருந்தின் அளவும் கூட்டும் சொல்ல விருப்பமில்லை என்று வைத்தியர் சொன்னால் அதை எழுதாதீர்கள். அது அவர் குடும்பச் சொத்து. செடி எங்கே இருக்கிறது, அவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்ற அளவே பதிவேட்டுக்குப் போதும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கி, ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள்.

கரையைச் சுத்தம் செய்யும் தீர்மானம் போடுவதற்கு முன்னால் அந்தப் பதிவேட்டை மேசையில் வையுங்கள். எந்த இடத்தில் ஆள் வைத்துக் கையால் சீமைக்கருவேலத்தை எடுக்க வேண்டும், எந்த இடத்தில் இயந்திரம் இறங்கலாம் என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இந்த ஐப்பசியிலேயே தொடங்க விரும்பும் ஊராட்சிகளுக்கு நானும் என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் சனி, ஞாயிறுகளில் நோட்டோடு வரத் தயார். செடி அழுத்தும் பலகையும் பழைய செய்தித்தாளும் எங்களிடம் இருக்கின்றன. எந்தக் கரையில் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாவரவியல் ஆசிரியை,
விருத்தாசலம் வட்டம்