துப்பாக்கிக்குக் கதவடைக்கும் டன்ஜியன் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டன்ஜியன் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். பகடை உருட்டிக் கூட்டாகக் கதை சொல்லும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் பல மேசைகளில், கேம்பெயின் எனும் தொடர்கதை தொடங்கும் முன்பே அதை நடத்தும் டன்ஜியன் மாஸ்டர் (டி.எம்.) உறுதியாகச் சொல்லிவிடும் விதிகளில் ஒன்று, "என் உலகில் துப்பாக்கி கிடையாது" என்பது. 2024-இல் வெளிவந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் எனும் விதிநூல் மஸ்கெட் எனும் நீளத் துப்பாக்கியையும் பிஸ்டல் எனும் கைத்துப்பாக்கியையும் வாளும் வில்லும் இருக்கும் அதே ஆயுதப் பட்டியலில் சேர்த்த பிறகும் இந்த விதி பெரிதாகத் தளரவில்லை. உலகைப் படைப்பவர் நீங்கள். அதில் எது இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்யும் உரிமையும் உங்களுடையதே. அந்த உரிமையை நான் கேள்வி கேட்கவில்லை. தடைக்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் வலுவானவை அல்ல என்பதையும், துப்பாக்கியை அதன் புகையோடும் குறைகளோடும் உள்ளே அனுமதித்தால் உங்கள் ஆட்டம் வளம் பெறும் என்பதையும் எடுத்துச் சொல்லவே எழுதுகிறேன்.

முதல் காரணமாகக் காலப் பொருத்தம் சொல்லப்படுகிறது. ஆனால் உங்கள் பாலடின் எனும் புனித வீரர் அணியும் முழுத் தட்டுக் கவசம் ஐரோப்பாவில் முழு வடிவம் பெற்றது 15-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பே, 1346-இல், கிரெசி போர்க்களத்தில் ஆங்கிலேயர் பீரங்கி கொண்டுவந்திருந்தனர். சீனாவின் ஹெய்லோங்ஜியாங்கில் கிடைத்த வெண்கலக் கைத்துப்பாக்கி 1288-ஐ ஒட்டியது என்று கருதப்படுகிறது. உங்கள் ரோக் எனும் திருடர் பாத்திரம் இடுப்பில் செருகியிருக்கும் ரேப்பியரோ 16-ஆம் நூற்றாண்டின் வாள். கவசத்தையும் ரேப்பியரையும் ஏற்றுக்கொண்டு, அவற்றின் காலத்திலேயே புழங்கிய துப்பாக்கியை மட்டும் காலத்தைக் காட்டி விலக்குவது முறையாகாது.

மாயாஜாலக் கதை மரபுக்குத் துப்பாக்கி அந்நியம் என்பது அடுத்த வாதம். இதற்கு இத்தாலியக் கவிஞர் அரியோஸ்டோவின் 'ஓர்லாண்டோ ஃபுரியோசோ' காவியமே போதிய பதில். மந்திரவாதிகளும் மாய மோதிரமும் நிறைந்த அந்தக் காவியத்தில்தான் ஹிப்போகிரிஃப் எனும் கழுகுத்தலைக் குதிரை பறந்தது. ஆட்டத்தின் விலங்கு நூலான மான்ஸ்டர் மேனுவலில் இன்று இருக்கும் ஹிப்போகிரிஃப் அங்கிருந்து வந்ததே. அதே காவியத்தின் 1532-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஃபிரீஸ்லாந்து மன்னன் சிமோஸ்கோ ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறான். அவனை வென்ற காவிய நாயகன் ஓர்லாண்டோ வேறு எதையும் விரும்பாமல் அந்தத் துப்பாக்கியை மட்டும் எடுத்துச் சென்று, இனி எந்த வீரனும் இதனால் தன் வீரத்தை இழக்கக் கூடாது என்று சபித்து, நடுக்கடலில் எறிகிறான். பின்னர் ஒரு மந்திரவாதி அதைக் கடலடியிலிருந்து மீட்க, ஆயுதம் நாடு நாடாகப் பரவுகிறது. கவிஞரை ஆதரித்த ஃபெராரா கோமகன் அல்ஃபோன்சோ, தன் பீரங்கிகளுக்குப் பெயர் பெற்றவர் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த வரிகளின் துணிச்சல் இன்னும் நன்றாக விளங்கும். பயிற்சியில்லாதவன் ஒரு விரலசைவில் மாவீரனை வீழ்த்திவிடலாமா என்று உங்களுக்கு எழும் கசப்பு நியாயமானது, மிகப் பழையதும்கூட. ஆனால் அந்தக் கவிஞர் கசப்பைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்து, தன் நாயகனின் கையிலேயே அதைக் கொடுத்தார். நீங்களோ அந்தக் கதை பிறக்கும் முன்பே வாசலை அடைத்துவிடுகிறீர்கள்.

இந்த ஆட்டத்தின் தொடக்க நாட்களிலும் துப்பாக்கி இல்லாமல் இல்லை. ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸுடன், அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தைத் தொடங்கிய டான் கேயின் ஆட்டப் பாத்திரமான மர்லிண்ட், கைகாக்ஸ் படைத்த கிரேஹாக் கதையுலகில் கைத்துப்பாக்கிகளுடன் திரிந்தவன். 1989-இன் இரண்டாம் பதிப்பில் ஆர்கெபஸ் எனும் பழங்காலத் துப்பாக்கி ஆயுதப் பட்டியலிலேயே இருந்தது, டி.எம். இசைந்தால் பயன்படுத்தலாம்.

துப்பாக்கியால் ஆட்டத்தின் சமநிலை குலையும் என்ற வாதத்தைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். நெடுவில்லின் எட்டுமுகப் பகடை சராசரியாக 4.5 புள்ளி சேதம் தரும், பிஸ்டலின் பத்துமுகப் பகடை 5.5, மஸ்கெட்டின் பன்னிருமுகப் பகடை 6.5. வில்லோ 600 அடி வரை எட்டும், மஸ்கெட் 120 அடியோடு நின்றுவிடும். எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டும் ஃபயர்பால் எனும் தீக்கோள மந்திரத்தை எந்தத் தயக்கமும் இல்லாமல் அனுமதிக்கும் மேசையை இரண்டு புள்ளி கூடுதல் சேதம் கவிழ்த்துவிடாது.

என் உண்மையான குறை வேறு. விதிநூலில் உள்ள துப்பாக்கி, பகடை மட்டும் சற்றுப் பெரிதாக்கப்பட்ட குறுக்குவில்லாகவே இருக்கிறது. திரித் துப்பாக்கியை ஏந்திய ஒருவன் உண்மையில் என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள். குழலில் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டித்து, கிண்ணியில் பொடிமருந்து இட்டு மூடி, சிந்திய துகளை ஊதிவிட்டு, கனலும் திரியைக் கொக்கியில் பொருத்தி, அதன் நுனியை ஊதிச் சிவக்க வைத்து, அதன் பிறகே குறி பார்க்க வேண்டும். பழகிய கைக்கும் இதற்கு அரை நிமிடம் ஆகும். ஆட்டத்தில் ஒரு சுற்று 6 நொடிதான். ஆகவே ஒரு சண்டைக்கு ஒரே ஒரு வேட்டு. 16-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியக் குதிரைவீரர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பிஸ்டல்களைச் சுமந்ததும், சுட்டு முடித்தபின் வாளுக்கு மாறியதும் இதனால்தான்.

இதை விதியாக்கிப் பாருங்கள். சேதத்தை இரண்டு பத்துமுகப் பகடைகளாக உயர்த்துங்கள்; பதிலுக்கு, மீண்டும் கெட்டிக்க ஐந்து முழுச் சுற்றுகளைக் கேளுங்கள். கூரையிலிருந்து நீர் சொட்டும் குகைக்குள் மருந்து நனையட்டும். இருட்டில் பதுங்கியிருப்பவரின் திரிநுனிச் சிவப்பும் அதன் வாசனையும் காவல் நிற்கும் கோப்ளின் எனும் குட்டிப் பூதங்களுக்கு முதலில் எட்டட்டும். வேட்டுச் சத்தத்தில் அடுத்த இரண்டு அறைகளும் விழித்துக்கொள்ளட்டும்; புகை கலையும் வரை சுட்டவருக்கே எதிரி தெரியாமல் போகட்டும். 2014-இன் டி.எம். வழிகாட்டிப்படி, தீப்பற்றிய ஒரு பீப்பாய் மருந்து தன்னைச் சுற்றிப் பத்தடிக்கு ஏழு ஆறுமுகப் பகடைச் சேதம் தரும் என்பதால், அதைச் சுமப்பவர் அருகில் யார் ஃபயர்பால் எறிவார் என்பதும் குழுவுக்குள் ஒரு பேச்சாகும். இத்தனை தடைகளைத் தாண்டிச் சரியான நொடியில் வெடிக்கும் ஒரே குண்டு, பத்து அம்புகளைவிட மேசையை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

ஒரு காரணத்தை மட்டும் நான் எதிர்த்து வாதிடமாட்டேன். போரில் வளர்ந்தவர்கள், துப்பாக்கியால் உறவை இழந்தவர்கள் நம் மேசைகளில் அமர்கிறார்கள். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் இருக்கலாம். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவரிடம் விளக்கம் கேட்கவும் கூடாது. தொடங்கும் முன் தனித்தனியே கேட்டு அறிந்துகொள்வது உங்கள் கடமை.

நம்மில் சிலர் நாயக்கர் காலத்தையோ பாளையக்காரர் காலத்தையோ ஒட்டி உலகம் படைக்கிறார்கள். 1520-இல் ராய்ச்சூர் முற்றுகையில் கிருஷ்ணதேவராயருக்காகப் போர்த்துகீசியத் துப்பாக்கி வீரர்கள் சுட்டார்கள் என்பதையும் 1565-இன் தலைக்கோட்டைப் போரில் பீரங்கிகள் முழங்கின என்பதையும் அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அந்த உலகங்களில் துப்பாக்கியை நீக்குவதுதான் கற்பனைக்கு மீறிய செயல்.

கட்டுப்பாடு கைவிட்டுப் போகும் என்ற அச்சமும் வேண்டாம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் யார் கையில் என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். இந்த ஆட்டத்தின் கதையுலகுகளில் ஒன்றான ஃபார்காட்டன் ரெல்ம்ஸில் சாதாரண வெடிமருந்து வேலை செய்யாது. அங்கு புழங்கும் மாய மருந்தின் ரகசியம் கோண்ட் தெய்வத்தின் அடியார்களிடம் இருக்கிறது. அடுத்த கேம்பெயினில் யாரேனும் துப்பாக்கியோடு வந்தால் ஒரே ஒரு கொம்பு வெடிமருந்து கொடுத்து அனுப்புங்கள். அது தீர்ந்தபின் அடுத்ததை எந்த ஊரில், யாரிடம், என்ன விலைக்குப் பெறுவது என்பதை உங்கள் கதை சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் மேசைகளில் அமரும் ஓர் ஆட்டக்காரர்