பெயர் சொல்லாத டாக்டருக்கு நன்றி

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன் கருவிப் பையைத் திறந்து காட்டிய கால்நடை மருத்துவருக்கு இந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சரி, போடவில்லை.

ஊசி, கத்தரியெல்லாம் பிள்ளைகள் படத்தில் பார்த்தவைதான். அவர்களைக் கட்டிப்போட்டது விரல் நீளக் காந்தம் ஒன்று. தீவனத்தோடு ஆணியும் கம்பித் துண்டும் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடுமாம். அவை இரைப்பை அறையைக் குத்திக் கிழித்து, முன்னால் இருக்கும் இதயத்தைக்கூட எட்டலாம். காந்தத்தை விழுங்க வைத்தால் அது உள்ளேயே தங்கி இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். "அப்போ மாடு ஃபிரிட்ஜில் ஒட்டிக்குமா?" என்றாள் ஒருத்தி. அவர் சிரிக்கவில்லை. "ஒட்டாது, ஆனால் திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் அசையும்" என்றார்.

அப்புறம் ஸ்டெதாஸ்கோப். முதலில் தங்கள் நெஞ்சில் வைத்துக் கேட்ட பிறகே நாயின் நெஞ்சில் வைக்க விட்டார். தெர்மாமீட்டரை நாய்க்கு எங்கே வைப்பார்கள் என்று சொன்னதும் எழுந்த கூச்சல் இருக்கிறதே! நமக்குக் காய்ச்சலாகத் தெரியும் 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் நாய்க்குச் சாதாரணம் என்பதை அந்தக் கூச்சலிலும் பிடித்துக்கொண்டார்கள்.

ஊசியை மூடி போட்டபடியே காட்டினார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

டாக்டர், குதிரைப் பல்லை ராவும் அரத்தை அடுத்த முறை கொண்டுவருவதாகச் சொன்னீர்கள். எப்போது என்று என்னைத் துளைத்தெடுக்கிறார்கள்.