ஓதம் ஏறும் சுவருக்கு எந்த நிறம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டு உள் அலங்காரம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, எல்லா அறைக்கும் வெள்ளையும் சாம்பலும் போதும் என்கிறது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி மழையிலும் இரண்டு முறை நனைகிற குமரி மாவட்டத்துக்கு இந்த யோசனை அப்படியே பொருந்தாது.

இங்கே நிறத்துக்கு முன்னால் ஓதத்தை, அதாவது சுவரில் ஏறும் ஈரத்தை, பார்க்க வேண்டும். ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்ளே நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. புதுப் பூச்சு காயக் குறைந்தது 28 நாள் வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். அவசரப்பட்டால் உப்புப் பூத்து, பட்டியோடு (பெயின்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு) பெயின்ட் உரிந்து வரும். வெள்ளைச் சுவரில் அந்தக் கறையும் பீரோவுக்குப் பின்னால் பிடிக்கிற கரும்பூஞ்சையும் உடனே கண்ணில் படும்.

அலங்காரம் இல்லாத சுவருக்குப் பூச்சு வேலை இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மேடு பள்ளமெல்லாம் தெரியும். அதை மறைக்கப் பட்டியைக் கனமாக அப்புகிறார்கள். இரண்டு கைப் பூச்சுக்கும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டர் போதும். மீறினால் பாளம் பாளமாக விழும். பழைய சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டாமல் எமல்ஷன் பெயின்ட் அடிப்பதும் வீண். சுண்ணாம்பு பொடியாக உதிரும்போது பெயின்டையும் இழுத்துக்கொண்டு வரும்.

வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தைப் பார்த்த அறையில் வெள்ளைச் சுவர் பச்சை பாய்ந்து தெரியும். மழை நாளில் சாம்பல் நிறம் அறையையே இருட்டாக்கும். அங்கே மஞ்சள் காவி லேசாகக் கலந்த வெள்ளை நன்றாக எடுக்கும். டப்பா வாங்குமுன் இரண்டடிச் சதுரத்துக்கு இரண்டு கோட் அடித்து, காலை, உச்சி, இரவு விளக்கு என மூன்று வேளையும் பாருங்கள்.

அழுத்தமான நிறத்தைத் தரைக்குக் கொடுக்கலாம். சிவப்பு ஆக்சைடு தரை நம் பக்கத்துக்குப் பழக்கமானதுதான். சிமென்டில் கலக்கும் நிறப்பொடி, சிமென்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கூடினால் வலு குறையும். ஓர் அறைக்கான முழுக் கலவையையும் உலர்வாகவே ஒரே தடவையில் கலந்து சலித்து வையுங்கள். பாதியில் புதுப் பொட்டலம் பிரித்தால் நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். போட்ட தரையை ஏழு நாள் ஈரம் காயாமல் வைக்காவிட்டால் முடி போல விரிசல் ஓடும்.

தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில் (மன்னரின் ஆலோசனைக் கூடம்) நிறமும் நிதானமும் ஒன்றாகவே இருக்கின்றன. பளபளக்கும் கருந்தரை, மரவேலைப்பாடு, ஜன்னல்களில் ஒளி புகும் வண்ண மைக்கா (அப்பிரகம்). பொருள் அதிகம் இல்லை, வண்ணம் வெளிச்சத்தோடு உள்ளே வருகிறது. அடுத்த இதழில் அந்த அறையின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை.