நெஞ்சுக் குழி: ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறவள் நான். நெஞ்சு குழி விழுந்து பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரிகூடப் பார்த்ததில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகனுக்குக் கைக்குழந்தையிலேயே நடு நெஞ்சில் சின்னப் பள்ளம் இருந்தது. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்தால் ஒரு கரண்டி நல்லெண்ணெய் அதில் தேங்கி நிற்கும், என் மாமியார் அதையே தொட்டு அவன் உச்சியில் வைப்பார், எல்லோரும் சிரிப்போம். சத்துக் குறைவு, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள்; பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். 13 வயதில் மளமளவென்று உயர்ந்தான், குழியும் கூடவே ஆழமானது. கிணற்றில் குளிக்கும்போதும் பனியனைக் கழற்ற மாட்டான். வயசுப் பையனின் கூச்சம் என்று நினைத்தோம், பந்து விளையாடும்போது மற்றவர்களைவிடச் சீக்கிரமாக இவனுக்கு மூச்சு வாங்கும் வரை.

சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். விலா எலும்புகளை நடு எலும்போடு சேர்க்கும் குருத்தெலும்பு தாறுமாறாக வளர்வதால் நடு எலும்பு உள்ளே போய்விடுகிறது. ஏறக்குறைய 300, 400 குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது, ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். ஜிம்முக்கு அனுப்பு, தண்டால் எடுக்கச் சொல் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தசை வளரும், கூன் நிமிரும், எலும்பு மேலே வராது.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேனில் நெஞ்சின் அகலத்தை, நடு எலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுக்கிறார்கள். சாதாரணமாக அது 2.5 அளவில் இருக்கும், 3.25-ஐத் தாண்டினால் ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிறார்கள். என் மகனுக்கு 4.1. குழி ஆழமில்லாத சின்னப் பிள்ளைகளுக்கு, நெஞ்சில் கவிழ்த்து காற்றை உறிஞ்சும் கிண்ணம் ஒன்று இருக்கிறது, தினமும் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் வைக்க வேண்டும், பொறுமை வேண்டும். எங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் டொனால்ட் நஸ் 1987-இல் தொடங்கிய முறையில், இரண்டு பக்க விலாவிலும் சிறு கீறல் போட்டு, வளைந்த உலோகப் பட்டையை நடு எலும்புக்கு அடியில் நுழைத்துத் திருப்பினார்கள், குழி அங்கேயே எழும்பிவிட்டது. பட்டை இரண்டு, மூன்று வருடம் உள்ளே இருக்கும், அப்புறம் எடுத்துவிடுவார்கள். முதல் வாரம் வலி கொஞ்சநஞ்சமல்ல, ஒருக்களித்துப் படுக்க முடியாது, புத்தகப் பையைத் தூக்க விடக் கூடாது. பெரியவர்களுக்கும் செய்கிறார்கள், ஆனால் எலும்பு இளசாக இருக்கும்போது சுலபம் என்றார் சர்ஜன். எனக்கு அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று. இன்ஷூரன்ஸ்காரர்கள் இதை அழகுக்கான சிகிச்சை என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். சி.டி.யில் வந்த அந்த எண், இதய எக்கோ, நுரையீரல் பரிசோதனை மூன்றையும் டாக்டரின் கடிதத்தோடு இரண்டாம் முறை அனுப்பியபோதுதான் பணம் வந்தது. இந்த நிலையில் இருக்கும் பெற்றோர் அவற்றை முன்கூட்டியே கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தஞ்சாவூர்